நோக்கம் என்கிற கட்டம்

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க தம்பி. ஆமா, அந்த மூலையில. ‘ஒப்பந்தப் பணிகள்: சட்டமன்றக் குழு இன்று ஆய்வு.’ எந்த மாவட்டம்னு போட்டிருக்கான்? கண்ணாடி பையில கிடக்கு, இந்த பஸ் நெரிசல்ல எடுக்க முடியலை. சரி விடுங்க, எந்த மாவட்டமா இருந்தா என்ன. அங்க ஒரு செயற்பொறியாளர் காலையில இருந்து பச்சைத்தண்ணி குடிக்காம ஃபைலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பான், பாவம்.

நீங்க அதைப் படிக்க வேண்டாம், நான் சொல்றேன். அந்தக் குழு முன்னாடி நின்னவன் நான். வைத்தியலிங்கம்னு பேரு. முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ். பாலம் மட்டும் நாற்பத்தி ஏழு. நீங்க போற வர்ற வழியில என் பாலத்துல ஏறாம போயிருக்க முடியாது.

குழுன்னா என்ன தெரியுமா? பத்துப் பதினைந்து எம்.எல்.ஏ. எல்லாக் கட்சியும் கலந்து. துறைங்க எந்த வேலையை எந்தக் காண்ட்ராக்டருக்கு எப்படிக் கொடுத்துதுன்னு ஊர் ஊரா வந்து பார்ப்பாங்களாம். பார்க்கறது யாரு? ஒருத்தருக்கு ஜவுளிக்கடை. ஒருத்தருக்கு ரைஸ் மில். ஒரு அம்மா, பால்வாடி டீச்சரா இருந்தவங்க. சிமென்ட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்க. அவங்க கேள்வி கேட்பாங்க, நான் எழுந்து நின்னு பதில் சொல்லணும். இதுக்குப் பேரு ஜனநாயகம்.

என் விஷயம் ஒரு சின்னப் பாலம், தம்பி. ஒரு ஓடை. அந்தப் பக்கம் நூத்தி இருபது வீடு. மழை வந்தா அவங்க இந்தப் பக்கம் வரணும்னா டிராக்டர் டியூப்ல காத்தடிச்சு மிதந்து வருவாங்க. பாலம் கேட்டுக் கேட்டு கடைசியில அனுமதி வந்துது. டெண்டர் நான் போட்டேன்.

டெண்டர்னா பொதுஜனம் என்ன நினைக்குதுன்னா, நாலு பேர் விலை சொல்லுவான், குறைச்சுச் சொன்னவனுக்கு வேலை. அப்படிக் கொடுத்தா நாடு என்னத்துக்கு ஆகும்? தெருவுல போறவன் எல்லாம் பாலம் கட்ட வந்துடுவான். அதுக்குத்தான் நிபந்தனைன்னு ஒண்ணு வைக்கறது. நான் வெச்ச நிபந்தனை ரொம்ப நியாயமானது. டெண்டர் போடறவன் வேலை நடக்கற இடத்தை நேர்ல வந்து பார்க்கணும். பார்த்தான்னு நான் சான்றிதழ் கொடுக்கணும். சான்றிதழ் இல்லாத டெண்டரைப் பிரிச்சே பார்க்க மாட்டோம். இதுல என்ன தப்பு? இடத்தைப் பார்க்காம எப்படிப் பாலம் கட்டுவான்?

மூணு பேருக்குச் சான்றிதழ் கொடுத்தேன். கஜேந்திரன் ஒருத்தன். அவன் மச்சான் ஒருத்தன். அவன்கிட்ட மேனேஜரா இருக்கறவன் ஒருத்தன். உடனே நீங்க சிரிக்கறீங்க. சட்டப்படி மூணும் தனித்தனிக் கம்பெனி. மூணு லைசென்ஸ், மூணு லெட்டர்பேடு. கஜேந்திரன் எனக்குப் பத்து வருஷப் பழக்கம். போன் அடிச்சா ரெண்டாவது மணியில எடுப்பான். அந்த மாதிரி ஆளு அமையறது கஷ்டம். ஒண்ணு சொல்லிடறேன், அவன்கிட்ட நான் ஒத்தைக் காசு வாங்கினது கிடையாது. என் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு அவனோட மண்டபத்தைக் கொடுத்தான். சாப்பாடும் அவனே பார்த்துக்கிட்டான். அது நட்பு. நட்பையும் இதையும் முடிச்சுப் போடறவன் புத்தி எப்படிப்பட்ட புத்தி, நீங்களே சொல்லுங்க.

நாலாவதா ஒரு பொம்பளை வந்தா.

சுகிர்தான்னு பேரு. பக்கத்து மாவட்டம். முப்பத்தி நாலு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். டிப்ளமோ சிவில். ஸ்கூட்டர்ல வந்து, ஹெல்மெட்டைக் கையில மாட்டிக்கிட்டே என் ரூமுக்குள்ள நுழைஞ்சா. ரெண்டு சின்னப் பாலம் கட்டியிருக்கேன்னு போட்டோ எல்லாம் காட்டினா. நல்லாத்தான் இருந்துது. நான் முழுசாப் பார்க்கலை.

“சார், இடத்தைப் பார்க்கணும். என்னைக்கு வரட்டும்?” அப்படின்னா.

“நீங்க யாரும்மா, காண்ட்ராக்டர் சம்சாரமா?” அப்படின்னேன். சும்மா கேட்டதுதான்.

“நான்தான் சார் காண்ட்ராக்டர்.”

அந்தப் பதில்ல ஒரு இது இருந்துது, பாருங்க. எனக்குப் பிடிக்கலை. வியாழக்கிழமை காலையில ஓடைக்கு வாங்க, நான் வர்றேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

போகலைன்னு சொல்ல முடியாது, வியாழக்கிழமை நான் போனேன். ஜீப்புல முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஓடைக்கு நூறு அடி முன்னாடி போகும்போது கஜேந்திரன் போன். “அண்ணே, அந்தம்மா சொல்ற விலைக்கு நான் ஈடு கொடுக்க முடியாதுண்ணே. பார்த்துச் செய்யுங்க.” அவ்வளவுதான் சொன்னான். மிரட்டலை, கெஞ்சலை. எட்டிப் பார்த்தேன். வேலிக்காத்தான் நிழல்ல ஸ்கூட்டரை நிறுத்திட்டு நின்னுக்கிட்டிருந்தா. டிரைவர் ஏகாம்பரத்துகிட்ட, “வண்டியைத் திருப்பு”ன்னேன். திருப்பினான்.

சாயங்காலம் ஃபைல்ல எழுதினேன்: ‘மேற்படியார் குறித்த நாளில் இடத்துக்கு வரவில்லை.’ அவ டெண்டர் பிரிக்காமலே போச்சு. கஜேந்திரனுக்கு வேலை கிடைச்சுது. நிர்வாகத்துல இதெல்லாம் சாதாரணம்.

அவன் கொஞ்சம் இழுத்தடிச்சான், ஒத்துக்கறேன். ரெண்டு தூண் எழுப்பினான், அதுக்கப்புறம் வேற வேலைக்கு ஆளைக் கொண்டுபோயிட்டான். ஐப்பசி மழையில ஒரு தூண் சாஞ்சுது. சாய்வு ரொம்ப இல்லை. ஆனா ஜனங்க என்ன பண்ணாங்க, பாலம் வரப்போகுதுன்னு டியூபை எல்லாம் வித்துட்டாங்க. அந்தத் தூணுக்கும் தூணுக்கும் நடுவுல கயிறு கட்டி அதைப் பிடிச்சுக்கிட்டு இறங்கிப் போக ஆரம்பிச்சாங்க. ஒரு பால்காரர் போயிட்டார். ரெண்டு நாள் கழிச்சு நாலு கிலோமீட்டர் தள்ளிக் கிடைச்சார். அவரை அந்தத் தண்ணியில யாரு இறங்கச் சொன்னது? பால் ஒரு நாள் போகலைன்னா என்ன, உலகமா முழுகிடும்?

அந்தச் சுகிர்தா சும்மா இருந்தாளா? இல்லை. குழுவுக்கு நாலு பக்கம் மனு எழுதினா. குழு என் டிவிஷனைத் தேர்ந்தெடுத்துடுச்சு.

ஆய்வுன்னா எங்க ஆபீஸ்ல கல்யாணம் மாதிரிதான். சுண்ணாம்பு அடிச்சோம். ஃபைலுக்கெல்லாம் புது நாடா. டெண்டர் ஃபைலை நானே உட்கார்ந்து நாலு வால்யூமா பண்ணினேன், ஆயிரத்தி நூறு பக்கம், அங்கங்க கலர் சீட்டு. எவன் படிப்பான்? அது படிக்கறதுக்குப் பண்றது இல்லை. பார்த்ததும் பயம் வரணும். மதியத்துக்கு மட்டன் பிரியாணி, சைவத்துக்குத் தனியா.

காலையில ஓடைக்குப் போனாங்க. எல்லாரும் கரையில குடை நிழல்ல நின்னு தூணைப் பார்த்துட்டுக் கார்ல ஏறிட்டாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மணல்ல இறங்கி அந்தப் பக்கம் வரைக்கும் நடந்து போனார். தணிகாசலம்னு பேரு. யாருன்னு விசாரிச்சேன். பதினெட்டு வருஷம் லாரி ஓட்டினவராம். எனக்குச் சிரிப்புதான் வந்துது. லாரி ஓட்டினவன் என் டெண்டரை ஆராயப் போறான்.

மதியம் கலெக்டர் ஆபீஸ் கூட்ட ஹால். தலைவர் நல்ல மனுஷர், சீக்கிரம் முடிச்சுட்டு ரயிலைப் பிடிக்கணும் அவருக்கு. ஜவுளிக்கடைக்காரர் அரைத் தூக்கம். பால்வாடி அம்மா ஏதோ கழிப்பறை பத்திக் கேட்டாங்க, குறிச்சுக்கிட்டேன். நாலு வால்யூமையும் மேஜை மேல அடுக்கினேன். யாரும் தொடலை. முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

அப்போ தணிகாசலம் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“இன்ஜினியர் சார், கோதண்டம்னு ஒருத்தரைத் தெரியுமா உங்களுக்கு?”

நான் என் ஆட்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாருக்கும் தெரியலை. “எந்த செக்‌ஷன்ல சார் இருக்கார்?” அப்படின்னேன்.

“அவர்தான் சார் தண்ணியில போன பால்காரர்,” அப்படின்னார். “அவர் வீட்டுலதான் காலையில தண்ணி வாங்கிக் குடிச்சேன்.”

நாடகம், தம்பி. பேர் தெரியலைன்னா கொலைகாரனா? மாவட்டத்துல எத்தனை பால்காரர், எல்லார் பேரும் எனக்குத் தெரியணுமா?

அப்புறம் கேட்டார், “அந்தச் சுகிர்தா அம்மா இடத்துக்கு வரலைன்னு எழுதியிருக்கீங்க. நீங்க போனீங்களா?”

“போனேன் சார். அரை நாள் காத்திருந்தேன்,” அப்படின்னேன்.

“மத்த மூணு பேர் வந்தப்போ?”

“அப்பவும் நேர்ல போனேன் சார். மூணு பேரையும் வெச்சுக்கிட்டு இடத்தைக் காட்டினேன். எல்லாம் ரெண்டாவது வால்யூம்ல இருக்கு சார், பச்சைச் சீட்டு.” தேதியையும் சொன்னேன்.

அவர் ஃபைலைப் பார்க்கவே இல்லை. “உங்க ஜீப்பு லாக் புக்கைக் கொண்டுவரச் சொல்லுங்க,” அப்படின்னார்.

எங்க ஆட்கள்ல ரெண்டு பேர் சிரிச்சே விட்டாங்க. நானும் சிரிச்சேன். அவரும் கொஞ்சம் சிரிச்சார். “எனக்கு உங்க டெண்டரைப் படிக்க வராது சார். ஆனா வண்டி எங்க போச்சு, எப்போ போச்சு, அதைப் படிக்க வரும்,” அப்படின்னார்.

கீழ நின்ன ஜீப்புல இருந்து ஏகாம்பரமே எடுத்துக்கிட்டு வந்தான். அழுக்குப் பிடிச்ச ஒரு நோட்டு, அட்டையில எண்ணெய்க் கறை.

லாக் புக்கு பத்தி ஒண்ணு சொல்லணும் உங்களுக்கு. டிரைவர் தினமும் எழுதணும். எங்கிருந்து எங்க, எத்தனை கிலோமீட்டர், கடைசியில ‘நோக்கம்’னு ஒரு கட்டம், அதுக்குப் பக்கத்துல அதிகாரி கையெழுத்து. ஏகாம்பரம் அந்த நோக்கம் கட்டத்துல வெறுமனே ‘அலுவல்’னு எழுதிட்டு விட்டுடுவான். தணிக்கைக்காரங்க அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. அன்னைக்கு நான் ஆபீஸ் வாசல்ல வெச்சு அத்தனை பேர் முன்னாடி அவனைக் கிழிச்சேன். “பள்ளிக்கூடம் போனியா இல்லையா? என்ன நடந்துதோ அதை நடந்தபடி எழுத வராதா உனக்கு?” அப்படின்னேன். சரிங்க சார்னான். அந்த ஆளு அன்னையில இருந்து நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கான். எனக்கு எப்படித் தெரியும்? மாசக் கடைசியில நோட்டை நீட்டுவான், நான் போன் பேசிக்கிட்டே வரிசையா கையெழுத்துப் போட்டுட்டுத் தள்ளிடுவேன். டிரைவர் எழுதறதை எவன் படிப்பான்?

தணிகாசலம் படிச்சார். விரலை வெச்சு, ஒவ்வொரு வரியா, மைக்குல.

மூணு பேருக்கு இடம் காட்டினதா நான் சொன்ன தேதி. ‘அலுவலகம் முதல் கல்யாண மண்டபம் வரை. நோக்கம்: ஐயா மகள் நிச்சயதார்த்தம். வாழை இலை ஏற்றினோம். கஜேந்திரன் ஐயா சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன்.’

ஜவுளிக்கடைக்காரருக்குத் தூக்கம் போயிடுச்சு.

அடுத்து அந்த வியாழக்கிழமை. ‘அலுவலகம் முதல் ஓடை வரை. நோக்கம்: பாலம் இடம் பார்வை. ஒரு அம்மா நின்றிருந்தார். ஐயா இறங்கவில்லை. திரும்பினோம்.’

பக்கத்துலயே என் கையெழுத்து. ஒரே மாதிரி, அழகா.

தலைவர் ரயிலை மறந்துட்டார். நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்னு இப்போ ஞாபகம் இல்லை. தண்ணி கேட்டேன்னு நினைக்கிறேன். பால்வாடி அம்மாதான் டம்ளரை நகர்த்தி வெச்சாங்க.

அப்புறம் என்ன, அறிக்கை போச்சு. நான் ஓய்வு பெறற அன்னைக்கு மண்டபம் பிடிச்சு, மாலை வாங்கி, சந்தனமாலை தம்பி, ரோஜா இல்லை, என் சம்சாரம் பட்டுப்புடவை கட்டி முன் வரிசையில உட்கார்ந்திருக்கா, நாலேமுக்காலுக்கு ஒரு கவர் வருது. சஸ்பென்ஷன். ஓய்வு பெற அனுமதி இல்லை, விசாரணை நிலுவை. மேடையில மைக் டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தவன் வயரைச் சுருட்ட ஆரம்பிச்சுட்டான். சம்சாரம் வீட்டுக்கு வந்து புடவையை மடிச்சு வெச்சுட்டு, “அந்தம்மா எவ்வளவு நேரம் நின்னாங்களாம்?”னு கேட்டா. அந்த நேரத்துல கேட்கற கேள்வியா அது?

கஜேந்திரனுக்குப் போன் பண்ணேன். எடுக்கலை. இன்னைக்கு வரைக்கும் எடுக்கலை. கறுப்புப் பட்டியல்ல அவன் பேர், அவன் மச்சான் பேர், மேனேஜர் பேர், மூணும் இருக்கு. பாலத்துக்கு மறு டெண்டர் போட்டாங்க. அந்தச் சுகிர்தாவுக்குத்தான் போச்சு. பத்து மாசத்துல முடிச்சுட்டாளாம். நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்காதா பின்னே? டிசைன் நான் போட்டது.

என் பக்கம் இருந்த ஒரே வழி ஏகாம்பரம்தான். அவன் அந்த நோட்டுல தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், கேஸ் நிக்காது. வக்கீலே சொன்னார். போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். பதினோரு வருஷம் என் வண்டியை ஓட்டினவன், வீடு எங்கன்னு எனக்குத் தெரியாது, நாலு இடத்துல விசாரிச்சுப் போகவேண்டியதாப் போச்சு. ஓட்டு வீடு. என்னைப் பார்த்ததும் அவன் சம்சாரம் ஓடிப்போய் இருந்த ஒரே நாற்காலியைத் துடைச்சுப் போட்டா. அவன் உட்காரவே இல்லை.

சொன்னேன். “குடிச்சிருந்தேன், தேதி மாறிப் போச்சு, ஏதாவது சொல்லு. உனக்கு என்ன, ஒரு மெமோ வரும், அவ்வளவுதான்.”

“நான் குடிக்கறதில்லையே சார்,” அப்படின்னான்.

“அதுவா இப்போ முக்கியம்?”

அப்புறம் கேட்டான், “அந்தம்மா நம்ம வண்டி பின்னாடியே ஓடி வந்தாங்க சார். நான் கண்ணாடியில பார்த்தேன். கையைத் தூக்கிக்கிட்டே ரொம்ப தூரம் வந்தாங்க. அதை நான் எழுதலை. எழுதினா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு விட்டுட்டேன். நீங்க அன்னைக்கு எதுக்கு சார் இறங்கலை?”

என்ன பதில் சொல்லுவீங்க இதுக்கு? வெயில்னேன்.

காப்பி கொடுத்தாங்க. குடிச்சேன். யோசிச்சுச் சொல்றேன் சார்னான். வாசல் வரைக்கும் வந்து, என் செருப்பை எடுத்து நேரா வெச்சான். சரி, வழிக்கு வந்துட்டான்னு நினைச்சுக்கிட்டு வந்தேன்.

இன்னைக்குக் காலையில விசாரணை. அங்கிருந்துதான் வர்றேன். ஏகாம்பரம் வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டு, புதுசா சவரம் பண்ணிக்கிட்டு வந்திருந்தான். விசாரணை அதிகாரி நோட்டைக் காட்டி, “இது உங்க எழுத்தா?”ன்னார். “ஆமாங்க.” “எழுதினது உண்மையா?” அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணைக் காட்டினேன், சொல்லு, சொல்லுன்னு.

“ஐயா ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துப் போட்டிருக்காருங்க,” அப்படின்னான். “பொய்யா இருந்தா ஐயா போட்டிருப்பாருங்களா? ஏதாச்சும் தப்பா எழுதினா திட்டித் திருத்துவாரு. இதுக்கு ஒண்ணும் சொல்லலைங்க. அதனால சரியாத்தான் எழுதியிருக்கேன்னு இருந்துட்டேன்.”

அதிகாரி பேனாவை மூடி வெச்சுட்டார். வக்கீல் என் பக்கமே திரும்பலை.

கிண்டல் பண்ணினான்னுதான் முதல்ல நினைச்சேன். வெளியில வந்து மூஞ்சியைப் பார்த்தேன். கிண்டல் இல்லை, தம்பி. அவன் கண்ணு கலங்கி இருந்துது. மன்னிச்சுக்கங்க சார்னு கையைப் பிடிக்க வந்தான். நான் கொடுக்கலை.

அவன் எழுதினதை நான் படிக்கறேன்னு நினைச்சுக்கிட்டிருந்திருக்கான். இத்தனை வருஷமா. தினம் வண்டியை நிறுத்திட்டு, பானெட் மேல நோட்டை வெச்சு, அத்தனை அக்கறையா எழுதி எழுதி நீட்டியிருக்கான், நான் படிக்கறேன்னு. இந்த மாதிரி ஆட்களை வெச்சுக்கிட்டு எப்படி தம்பி நிர்வாகம் பண்றது? சொல்லுங்க. எப்படிப் பண்றது?